அறிவிப்பு யாருக்கு, கைது யாருக்கு?

சிறு குற்றச்சாட்டுகளுக்குக் கைது வேண்டாம், குறித்த நாளில் முன்னிலையாகும்படி எழுத்துமூலம் அறிவிப்புக் கொடுத்தால் போதும் என்று தருமபுரி மாவட்டத்துச் சேரி மக்கள் கேட்டால், அது சலுகை கோருவது அன்று. 2010 நவம்பர் 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 41ஏ பிரிவாகவும், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவாகவும் நடப்பிலிருக்கும் சட்டம் அது. ஏழாண்டு வரை தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களில் கைது ஏன் தேவை என்பதைக் காவல் அதிகாரி எழுத்தில் பதிய வேண்டும்; அந்தக் காரணம் போதுமானதா என்று பார்த்த பிறகே குற்றவியல் நடுவர் காவலில் வைக்க அனுமதிக்க வேண்டும். மீறும் அதிகாரி மீது துறை நடவடிக்கையும் நீதிமன்ற அவமதிப்பும் பாயும் என்று அர்னேஷ் குமார் வழக்கில் 2014 ஜூலை 2 அன்று உச்ச நீதிமன்றம் எச்சரித்தது.

இம்மாவட்டத்தில் கைது அதிகாரம் எதுவரை போகும் என்பதற்கு வாச்சாத்தி சாட்சி. 1992 ஜூன் 20 அன்று சந்தனமரக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி நுழைந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் பழங்குடிப் பெண்களை வன்புணர்ந்து, வீடுகளைச் சூறையாடினர். பாதிக்கப்பட்டவர்களே கைதாகிச் சேலம் சிறைக்குப் போனார்கள். குற்றம் புரிந்த அலுவலர்களுக்குத் தருமபுரி அமர்வு நீதிமன்றம் தண்டனை வழங்க 2011 ஆயிற்று. சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்ய 2023 ஆயிற்று.

அந்த அளவுக்குப் போகாத, அன்றாடக் கைதுகளைப் பற்றியே இங்கு பேசுகிறேன். திருவிழாவில் தள்ளுமுள்ளு, தேநீர்க்கடை வாசலில் வாய்த்தகராறு. ஆபாசமாகத் திட்டியதாகவும் கொலை மிரட்டல் விடுத்ததாகவும் பிரிவுகள் போடப்படும். சட்ட எண்கள் மாறினவே தவிர, முதல் தகவல் அறிக்கையின் வாசகங்கள் மாறவில்லை. தலித் ஒருவர் வன்கொடுமைப் புகார் கொடுத்தால் அவர்மீதே எதிர்வழக்குப் பதிவாவதும் இதே பிரிவுகளில்தான். அன்றிரவே அவர் வீட்டுக் கதவு தட்டப்படுகிறது. அவர் புகாரில் கண்ட எதிரிகளுக்கோ அறிவிப்பு போகிறது!

அதற்கும் சட்டத்தில் வழியிருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவுக் குற்றங்களுக்கு அதிகபட்சத் தண்டனை ஐந்தாண்டு. ஆகவே அவையும் ஏழாண்டு வரம்புக்குள் வந்துவிடுகின்றன. இதனால் அறிவிப்பு முறையே நமக்கு எதிரானது என்று நம் தோழர்கள் சிலர் கருதுகிறார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது. முடிவோடு நான் உடன்படவில்லை. சுபாஷ் காசிநாத் மகாஜன் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை நீர்த்துப்போகச் செய்தபோது நாடே கொந்தளித்தது. அதன்பின் நாடாளுமன்றம் சேர்த்த 18ஏ பிரிவு, கைதுக்கு மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டியதில்லை என்றது. ஆனால் ‘தேவைப்பட்டால்’ என்ற சொல் அதிலும் இருக்கிறது. ஆகவே, தேவை எது என்பதே கேள்வி.

சாட்சிகளை மிரட்டவோ ஆசைகாட்டவோ வாய்ப்பிருந்தால் அதைத் தடுக்கக் கைது செய்யலாம் என்கிறது 35(1) பிரிவு. ஊர்த்தெருவில் நிலமும் ஆள்பலமும் உள்ள ஒருவர், தம் வயலில் கூலிக்கு வரும் குடும்பத்தைத் தாக்கிய வழக்கில் அந்த வாய்ப்பைத் தனியாக நிரூபிக்க வேண்டுமா? 2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய இடங்களில் வீடுகள் எரிந்தபின், தாக்கியவர்களின் ஊர்களுக்கு நடுவில்தான் அம்மக்கள் தொடர்ந்து வாழ வேண்டியிருந்தது. மாறாக, வாய்த்தகராறில் சிக்கிய கூலித்தொழிலாளி யாரை மிரட்டிச் சாட்சியத்தை மாற்றப்போகிறார்? சட்டத்தை உள்ளபடி படித்தால் இன்றைய நடைமுறை தலைகீழாக மாற வேண்டும்.

சிறைகளில் சாதிப் பாகுபாட்டை ஒழித்த சுகன்யா சாந்தா வழக்கின் 2024 அக்டோபர் தீர்ப்பும் இங்கு உதவும். சீர்மரபினர் எதேச்சையாகக் கைது செய்யப்படாதிருக்க அர்னேஷ் குமார் நெறிகளைக் காவல்துறை பின்பற்ற வேண்டும் என்று அது ஆணையிட்டது. கைதில் சாதி இருக்கிறது என்பதை நீதிமன்றமே கண்டுகொண்ட இடம் இது.

ஊராட்சிக்குக் காவல் நிலையத்தின் மீது அதிகாரமில்லை. ஆனால் கிராமசபை தீர்மானம் போட்டு மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகளின்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுவுக்குத் தலைவர் அவரே. கைதானவர்களின் பெயரும் குற்றச்சாட்டின் தன்மையும் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் காட்சிக்கு வைக்கப்பட வேண்டும் என்கிறது 37ஆம் பிரிவு. அந்தப் பட்டியலோடு அறிவிப்புகளின் எண்ணிக்கையையும் சேர்த்து, வன்கொடுமை வழக்குகளைத் தனியே பிரித்து, குழுவின் முன் வைக்கக் கோரலாம்.

இன்னொன்றையும் தீர்மானத்தில் எழுத வேண்டும். அறிவிப்புக்கு இணங்காதவரைக் கைது செய்ய 35(6) இடமளிக்கிறது. இம்மாவட்டத்து இளைஞர் பலர் பெங்களூருவில் கட்டட வேலையில் இருக்கிறார்கள். பூட்டிய கதவில் ஒட்டிய தாள் அவர்கள் கண்ணில் படுவதற்குள் குறித்த நாள் கடந்துவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்புவது செல்லாது என்று 2025 ஜனவரியில் சத்யேந்தர் குமார் அன்டில் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. எனவே அறிவிப்பு நேரில் கையளிக்கப்பட வேண்டும், ஒப்புகைக் கையெழுத்து பெறப்பட வேண்டும், ஊர் திரும்பி வர நாள் தரப்பட வேண்டும், வந்தவரை இரவுவரை நிலையத்து வாசலில் உட்கார வைக்கக் கூடாது.