காக்கைத் தீவின் அக்டோபர் விருந்தாளிகள்

அட்லாண்டிக் கடலின் நடுவே ‘காக்கை’ என்ற பெயரில் ஒரு தீவு இருக்கிறது. போர்த்துகீசிய மொழியில் கோர்வு. போர்ச்சுகலுக்குச் சொந்தமான அசோரஸ் தீவுகள் ஒன்பதில் இதுதான் குட்டி. பரப்பளவு 17 சதுர கி.மீ. ஒரே ஓர் ஊர். சுமார் 400 பேர். வீடுகளை ஒட்டியே விமான ஓடுதளம். கிழக்கே லிஸ்பன் நகரம், வடமேற்கே கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவு. இரண்டுமே இங்கிருந்து ஏறத்தாழ 1,900 கி.மீ. தூரம்.

இப்படிப்பட்ட ஊரில் அக்டோபர் மாதம் தங்க இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அந்த மாதத்தில் அங்கே மழையும் மூடுபனியும் பேய்க்காற்றும்தான். பல நாள் விமானம்கூட இறங்காது. பக்கத்துத் தீவான ஃப்ளோரெஸிலிருந்து வரும் படகும் கடல் அனுமதித்தால்தான். ஆனாலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து, விடுப்பு எடுத்துக்கொண்டு, கழுத்தில் பைனாகுலரோடு வந்து இறங்குகிறார்கள். வானம் தெளிந்து வெயில் அடித்தால் இவர்கள் முகம் வாடிவிடும். அமெரிக்கப் பக்கமிருந்து புயல் கிளம்பியிருக்கிறது என்று தெரிந்தால் போதும், ராத்திரிச் சாப்பாட்டு மேஜை களைகட்டிவிடும்!

புயலுக்கு ஏன் இந்த வரவேற்பு? காரணம், 12 கிராம் எடையுள்ள ஒரு குருவி. இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்களைக் கையில் வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான்.

பிளாக்போல் வார்ப்ளர் என்ற இந்தக் குருவி, கோடையில் கனடா, அலாஸ்கா காடுகளில் குஞ்சு பொரிக்கிறது. குளிர் வருமுன் தென் அமெரிக்காவுக்குக் கிளம்புகிறது. கரையோரமாகப் பத்திரமாகப் போகலாம். ஆனால், கடலுக்கு மேலே குறுக்குவழியில் போகிறது. கிளம்புமுன் தின்று தின்று உடல் எடையைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்கிக்கொள்கிறது. அந்தக் கொழுப்புதான் வழிச்செலவு. இதன் முதுகில் நுண்ணிய கருவியைக் கட்டி ஆராய்ந்த முடிவு 2015-ல் வெளியானது. இரண்டு மூன்று நாட்கள் எங்கும் இறங்காமல், 2,270 முதல் 2,770 கி.மீ. வரை பறந்திருக்கின்றன!

அந்த இரண்டு மூன்று நாட்களுக்குள் மேற்கிலிருந்து புயல் வந்துவிட்டால்? காற்று அடித்த பக்கம் போக வேண்டியதுதான். இந்தக் குருவி மட்டுமல்ல. சிவந்த கண் கொண்ட வீரியோ, நீலநிற இண்டிகோ பண்டிங், ஸ்கார்லெட் டானேஜர் எனப் பல அமெரிக்கப் பறவைகள் இப்படிக் கிழக்கே தள்ளப்படுகின்றன. பெரும்பாலானவற்றைக் கடல் விழுங்கிவிடுகிறது. தப்பியவற்றுக்குக் கண்ணில் படும் முதல் பச்சை, கோர்வு தீவு.

இது காலங்காலமாக நடந்திருக்க வேண்டும். ஆனால் வெளியுலகம் கவனித்தது மிகச் சமீபத்தில்தான். 2005 அக்டோபரில் பீட்டர் ஆல்ஃப்ரே என்ற பிரிட்டிஷ் பறவை ஆர்வலர் இங்கே வந்து தேடினார். ஐரோப்பாவில் ஆயுள் முழுக்கக் காத்திருந்தாலும் காணக் கிடைக்காத அமெரிக்கப் பறவைகள் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. மறு வருடத்திலிருந்து கூட்டம் சேரத் தொடங்கியது.

விடுமுறை என்றாலும் ஓய்வு கிடையாது. காலையில் வேன் மலைமேல் ஏற்றி விடுகிறது. உச்சியில் ஒரு பழைய எரிமலைவாய், உள்ளே சின்ன ஏரிகள். அங்கிருந்து கீழே, கல்சுவர் கட்டிய மேய்ச்சல் நிலங்களையும் ஹைட்ராஞ்சியா வேலிகளையும் தாண்டி, ஓடைப் பள்ளங்களுக்குள் இறங்க வேண்டும். தீவில் மரங்கள் அடர்ந்திருப்பது அங்கேதான். சேற்றில் வழுக்கி, நனைந்த பாறையில் உட்கார்ந்து, மணிக்கணக்கில் ஓர் இலை அசைவுக்குக் காத்திருக்கிறார்கள். எல்லோர் கையிலும் வாக்கிடாக்கி. யாராவது ஒருவர் ஒரு பறவையின் பெயரைச் சொன்னால் தீவே ஓடும். தாத்தா வயதுக்காரர்கள்கூட வேலி தாண்டிக் குதிப்பார்கள். பார்த்தவர் பார்க்காதவரைக் கட்டிப்பிடித்துக்கொள்வார், பார்க்காதவருக்கு அழுகையே வந்துவிடும்.

அந்தப் பறவையோ பத்தடி தூரத்தில் மனிதர் நிற்பதைக்கூடப் பொருட்படுத்தாமல் பூச்சி பொறுக்கிக்கொண்டிருக்கும். பயமில்லாமல் இல்லை, அகோரப் பசி. சேர்த்து வைத்த கொழுப்பெல்லாம் கடல்மேலேயே தீர்ந்துபோயிற்று. எதிர்காற்றில் இன்னொரு கடல் பயணம் செய்து வீடு சேர்வது அநேகமாக நடக்காத காரியம். ஒருவர் வாழ்நாள் அதிர்ஷ்டம் என்று கொண்டாடுவது, எதிரே இருக்கும் 12 கிராம் உயிருக்கு வந்த பெரும் விபத்து. விவரம் தெரிந்தவர்கள் பதிவுசெய்த குரலைப் போட்டு அதை அலைக்கழிப்பதில்லை. இரை தேடும் மரத்தை விட்டுத் தள்ளியே நிற்கிறார்கள். அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை என்பதுதான் சங்கடம்.

அதே தீவில், அதே அக்டோபர் கடைசியில், இருட்டியதும் வேறொரு தேடல் தொடங்குகிறது. இம்முறை கையில் பைனாகுலர் கிடையாது. டார்ச் லைட்டும் அட்டைப்பெட்டியும்.

கோரி ஷியர்வாட்டர் என்ற கடற்பறவை உலகிலேயே அதிகமாகக் கூடு கட்டுவது அசோரஸ் தீவுகளில்தான். உள்ளூர்ப் பெயர் ககார்ரு. வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை. இறக்கை விரித்தால் ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும். குஞ்சு வளர்ந்ததும் தாய் தகப்பன் கடலுக்குப் போய்விடும். அதன் பிறகு ஓர் இரவு, குஞ்சு தனியாகப் பொந்தை விட்டுக் கிளம்பிக் கடலை நோக்கிப் பறக்க வேண்டும். அப்போது தெருவிளக்கு கண்ணைக் கூசவைத்தால் தடுமாறி ரோட்டில் விழுகிறது. சமதரையிலிருந்து எழும்பிப் பறக்க அதற்குச் சுலபத்தில் வராது. நாயோ, பூனையோ, காரோ முடித்துவிடும்.

1995 முதல் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அசோரஸ் முழுக்க இவற்றை மீட்கும் இயக்கம் நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகளும் பெரியவர்களுமாக ரோடு ரோடாக நடக்கிறார்கள். விழுந்த பறவையின் மேல் சட்டையையோ துண்டையோ போட்டு மெல்ல எடுத்துப் பெட்டியில் வைக்கிறார்கள். அலகு கூர்மை, அவசரப்பட்டால் விரல் போய்விடும்! தீனி, தண்ணீர் எதுவும் கொடுக்கக் கூடாது. இருட்டும் அமைதியும் போதும். பகலெல்லாம் அமெரிக்கக் குருவிக்காகச் சேற்றில் புரண்ட விருந்தாளிகளும், கால் வலியை மறந்து இந்த ஊர்வலத்தில் சேர்ந்துகொள்ளலாம்.

விடிந்ததும் பெட்டிகள் கடற்கரைக்குப் போகின்றன. மூடியைத் திறந்து, தண்ணீரைப் பார்த்தபடி பறவையை வைக்கிறார்கள். சில உடனே கிளம்பும். சில சுற்றுமுற்றும் பார்த்து, இறகை ஒருமுறை உதறிவிட்டு, பிள்ளைகள் பொறுமை இழக்கும் நேரத்தில் அலைக்குள் பாயும். அடுத்த முறை அவை மண்ணில் கால் வைப்பதற்குப் பல வருடங்கள் ஆகும்.