சிறு மலைநாட்டுப் பிரயாணம்

பிரயாணம் செய்வோர் இருதிறத்தினர். கண்ட நாடுகளை எண்ணிக் கணக்கு வைப்போர் ஒரு சாரார்; கண்ட நாட்டினின்றும் ஒன்றேனும் கற்றுத் திரும்புவோர் மற்றொரு சாரார். நம் கல்லூரியிற் பயின்ற பழைய மாணவர் பலர் இந்நாளில் அயல்நாடுகளில் உத்தியோகம் பார்க்கின்றனர். இப்போது பயிலும் இளைஞரும் மேற்படிப்பின் பொருட்டு ஐரோப்பா செல்லக் கருதுகின்றனர். விடுமுறை வாய்க்குங்கால் அக்கண்டத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டுமென்னும் ஆவல் அவர்க்கு எழுதல் இயல்பே. அவ்வாவலைக் குறைகூறுவது எம் கருத்தன்று. எவ்வாறு செல்லல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இதற்கு லிக்டென்ஸ்டைன் என்னும் சிறுநாட்டை உதாரணமாகக் கொள்வோம். ஆல்ப்ஸ் மலையிடையே, மேற்கில் ரைன் நதியும் அதற்கப்பால் சுவிட்சர்லாந்தும், கிழக்கில் ஆஸ்திரியாவும் எல்லையாக அமைந்த நாடு அது. அதன் பரப்பு 160 சதுர கிலோமீட்டர். குடிகள் ஏறத்தாழ 40,000 பேர். தலைநகரின் பெயர் வாடுஸ். அந்நாட்டவர் கடலைக் காண விரும்பினால் இரண்டு நாட்டெல்லைகளையேனும் கடத்தல் வேண்டும். 1719-ஆம் ஆண்டில் தனிக் கோமகன் நாடாக அமைந்து, 1868-இல் தன் படையைக் கலைத்துவிட்டு, இன்றளவும் படையின்றியே வாழ்ந்து வருகின்றது. மூர்த்தி சிறிதாயினும் கீர்த்தி பெரிது என்னும் பழமொழிக்கு அது இலக்கியமாயுள்ளது. எனினும் குறையற்ற நாடென்று கொள்ளற்க. நம் நாட்டுப் பெண்டிர் 1951-52-இல் நடந்த பொதுத்தேர்தலிலேயே வாக்களித்தனர்; அந்நாட்டுப் பெண்டிர் தேசியத் தேர்தலில் வாக்குரிமை பெற்றதோ 1984-ஆம் ஆண்டில்தான்.

இத்தகைய நாட்டைப் பிரயாணிகளிற் பெரும்பாலோர் எவ்வாறு காண்கின்றனர்? சுவிட்சர்லாந்திலிருந்து ஒரு பேருந்தில் வந்திறங்குகின்றனர். மலைமேலுள்ள கோமகனின் கோட்டையைக் கீழிருந்தபடியே படம் பிடிக்கின்றனர். சிறு கட்டணம் செலுத்திக் கடவுச்சீட்டில் ஞாபகார்த்த முத்திரை ஒன்று பெற்றுக்கொண்டு, அன்று மாலையே திரும்பிவிடுகின்றனர். நுனிப்புல் மேய்தல் என்று நம்மவர் சொல்வது இதனையே. நாடு சிறிது, ஆகவே அரைநாள் போதும் என்பது அவர் எண்ணம்.

இவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதற்கு நம் கொங்குநாட்டிலேயே ஓர் அளவுகோல் உண்டு. அந்தியூருக்கு வடபால் எழுந்து கர்நாடக எல்லைவரை பரந்து கிடப்பது பர்கூர் மலை. அம்மலைக்காடுகளை உள்ளடக்கி, அந்தியூர், கோபிசெட்டிபாளையம் வட்டங்களில் 2024-இல் அறிவிக்கப்பெற்ற தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயத்தின் பரப்பு ஏறத்தாழ 800 சதுர கிலோமீட்டர். அதாவது, லிக்டென்ஸ்டைன் போன்ற நாடுகள் ஐந்து அதனுள் அடங்கும். பர்கூர் மலையை அரைநாளிற் பார்த்து முடித்தேன் என்று ஒருவர் கூறின், அந்தியூர்வாசிகள் நகையாரோ? அங்குள்ள சோளகரையும், கன்னடம் பேசும் லிங்காயத்தரையும், அவர்தம் மாட்டுப்பட்டிகளையும் அறிய அரைநாள் போதுமோ? நம் மலைக்குப் பொருந்தாத நியாயம் பிறர் மலைக்கு மாத்திரம் எங்ஙனம் பொருந்தும்?

ஆகவே, சிறுநாட்டுக்குப் பிரயாணம் திட்டமிடுவோர் பயணச்சீட்டு வாங்குமுன் ஒரு கேள்வியைத் தேடிக்கொள்ளல் வேண்டும் என்பதே எம் அபிப்பிராயம். அக்கேள்வி தம் ஊரிலிருந்தே பிறந்ததாயின் மிக நன்று. ஏ. கே. செட்டியார் காந்தியடிகளின் வாழ்க்கைப் படத்துக்காக உலகெங்கும் அலைந்தார். படம் 1940-இல் வெளிவந்தது. தேடும் பொருள் ஒன்று இருந்தமையாலன்றோ அவர் பிரயாணம் நாட்டுக்கும் பயன்பட்டது!

அந்தியூர்ப் பக்கத்து மாணவர் ஒருவர் எடுத்துச் செல்லத்தக்க கேள்வி யாது? ஆடித்திங்களில் குருநாதசுவாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடும் கால்நடைச் சந்தையை அறியாதார் கொங்குநாட்டில் இலர். செந்நிற உடலில் வெண்திட்டுக்கள் விளங்கும் பர்கூர் மாடு அம்மலைக்கே உரிய இனம். காட்டினுள் பட்டி அமைத்து அடைத்து, பகலில் மேயவிட்டு வளர்ப்பது அங்குள்ள வழக்கம். 2022-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றம் காடுகளில் கால்நடை மேய்ப்பதற்குத் தடை விதித்தது. பின்னர் அத்தடையைப் புலிகள் காப்பகம், தேசியப் பூங்கா, சரணாலயம் ஆகியவற்றின் அளவில் நிறுத்தியது. இந்நிலையில் தம் மலை சரணாலயமாயினமையால், மேய்ச்சலுரிமை என்னாகுமோ என்னும் கவலை பர்கூர் மாட்டுக்காரரைப் பற்றிக்கொண்டுள்ளது. காடும் வேண்டும், புலியும் யானையும் வாழல் வேண்டும், காட்டையே நம்பி வளர்ந்த மாட்டினமும் அழியலாகாது. இம்மூன்றனையும் எவ்வாறு பொருத்துவது?

லிக்டென்ஸ்டைன் மலைவாசிகளும் மாடு வளர்ப்போரே. வேனிற் காலத்தில் மாடுகளை உயர்ந்த மலைப் புல்வெளிக்கு ஓட்டிச் செல்வர். குளிர் தொடங்குமுன், செப்டம்பர் வாக்கில், அவற்றை அலங்கரித்து ஊருக்கு இறக்கி வருவர். அப்புல்வெளிகளிற் பெரும்பாலானவை ஊராட்சிகளுக்கோ மேய்ச்சற் கூட்டுறவுச் சங்கங்களுக்கோ உரியவை. எத்தனை மாடு, எத்தனை நாள், எவர் பொறுப்பு என்பவற்றை ஊரவரே கூடி வரையறுக்கும் மரபு அங்குண்டு. அவர்க்குப் புலியுமில்லை, யானையுமில்லை. ஆதலின் அவர் வழி நமக்கு அப்படியே ஒவ்வாது. ஆயினும், ஒரு சிற்றூர் தன் மேய்ச்சல் நிலத்தைத் தானே கட்டுப்படுத்திக் காத்தல் கூடும் என்பதை நேரிற் காணுதல் சிறு பயனோ?

இனி, திட்டம் வகுக்குமாற்றைச் சுருங்கக் கூறுவோம். அந்நாட்டில் விமான நிலையம் இல்லை. சூரிச் நகரில் இறங்கி, இரயிலில் சார்கன்ஸ் அல்லது பூக்ஸ் வரை சென்று, அங்கிருந்து பேருந்தேறுதல் வேண்டும். அந்நாட்டுக்கெனத் தனி விசா இல்லை. 2011 முதல் அது ஷெங்கன் உடன்படிக்கையிற் சேர்ந்துள்ளமையால், சுவிட்சர்லாந்துத் தூதரகத்தின் வாயிலாக ஷெங்கன் விசா பெறலாம். புறப்படுதற்கு ஆறு மாதத்துக்கு முன்னிருந்து விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளேனும் முற்பட விண்ணப்பித்தல் விதி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கட்டாயம். வழங்கும் நாணயம் சுவிஸ் பிராங்க். அதன் மதிப்பு நூறு ரூபாய்க்கு மேற்பட்டது. ஆதலின் செலவு மிகுதியே. ஐந்து தலைநகரங்களை ஐந்து நாளிற் காண்பதினும், ஓரூரில் ஐந்து நாள் தங்கினால் வழிச்செலவு குறையும், அறிவு மிகும்.

தங்குதற்கு வாடுஸ் நகரைவிட, ஏறத்தாழ 1300-ஆம் ஆண்டையொட்டி வாலிசர் என்னும் மலைமக்கள் குடியேறிய திரீசன்பெர்க் என்னும் மலையூர் சாலச் சிறந்தது. அம்மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் தமக்கே உரிய கிளைமொழியைப் பேசுகின்றனர். நடக்க வல்லவர்க்கு, பதினோர் ஊராட்சிகளையும் இணைத்து 2019-இல் திறக்கப்பெற்ற 75 கிலோமீட்டர் நடைவழி உண்டு. வாடுஸ் அருகே ரைன் நதியின்மேல் 1901-இற் கட்டிய மரப்பாலமொன்று நிற்கின்றது. அதன்வழியே எவர் தடையுமின்றி ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு நடந்தே செல்லலாம்.

"அவ்வாறாயின் பர்கூர் மலையையே பார்த்தாற் போதாதோ? இத்துணைப் பொருள் செலவிடுவானேன்?" என்று சிலர் வினவக்கூடும். வசதியில்லாதார்க்குப் பர்கூரே போதும், அதில் இழுக்கொன்றுமில்லை. வசதியுள்ளாரும் முதலிற் பர்கூரைப் பார்த்துவிட்டே செல்க. மாட்டுக்காரர் ஒருவரிடம் அவர் தொழிலைப் பற்றி ஒரு நாள் பேசியிராதவர், ஆல்ப்ஸ் மலை இடையரிடம் கேட்பது யாது? ஒப்பிடுதற்குக் கையில் ஒன்று இருப்பவனுக்கே காட்சி கல்வியாகும்.

முத்திரையொன்று பெற்று வருதல் எவர்க்கும் எளிது. அந்தியூர் மலைக்குப் பயன்படும் செய்தியொன்றைக் கொணர்ந்து, பட்டிக்காரர் கேட்கவும் நம் மாணவர் கேட்கவும் எடுத்துரைப்பாராயின், அவர் செலவிட்ட பொருளில் ஒரு காசும் வீணாகாது. அத்தகைய பிரயாணிகள் நம் கல்லூரியினின்றும் பலராதல் வேண்டும்.