பழைய ரம்பத்துக்கு ஆயில், உங்க பட்ஜெட்டுக்கு ஒரு வரி

இந்த வார வீடியோவுக்கு ஷேர், ஃபண்ட் எதுவும் எடுக்கல. ஒரு ரம்பத்தை எடுத்திருக்கேன்.

அமெரிக்காவில் வீடு கட்டும் தச்சர்கள், முக்கியமா மேற்குக் கரைப் பக்கம், கையில் வச்சிருக்கிற மெஷின் வார்ம் டிரைவ் சர்க்குலர் சா. அதில் பேர் போனது ஸ்கில் 77, 1937ல வந்த மாடல். பல வருஷம் ஷெட்டில் தூசி பிடிச்சுக் கிடந்ததை வாங்கி, கழுவி, ஆயில் மாத்தி ஓட்டிக் காட்டுற வீடியோக்கள் யூடியூபில் நிறைய இருக்கு. எனக்கு அதெல்லாம் ரொம்பப் பிடிக்கும். ஒரு ஆடிட்டருக்கு அதுல என்ன இருக்குன்னு கேக்குறீங்களா?

அந்த மெஷின் உள்ளே திருகு மாதிரி ஒரு ஸ்டீல் தண்டு, வெண்கலப் பல்சக்கரத்தைச் சுத்த வைக்குது. பல்லும் திருகும் ஒன்னு மேல ஒன்னு வழுக்கிக்கிட்டே போறதால சூடு அதிகம். அதனால கியர் எப்பவும் ஆயிலில் நனைஞ்சே இருக்கணும். ஆயில் வத்தினா முதலில் தேயுறது மெதுவான வெண்கலச் சக்கரம்.

ரிப்பேர் பண்றவங்க செய்யுறதும் எளிமையான வேலைதான். பிளக்கைப் பிடுங்கிட்டு, பிசின் மாதிரி ஆன பழைய ஆயிலை வடிப்பாங்க. அதுல வெண்கலத் துகள் மின்னுதான்னு பார்ப்பாங்க. கியர் பெட்டியைக் கழுவி, கேஸ்கெட் மாத்தி, கம்பெனி சொன்ன ஆயிலை அளவா ஊத்துவாங்க. கண்ட கியர் ஆயிலை ஊத்தக் கூடாது, சிலதுல இருக்கிற கந்தகச் சேர்க்கை வெண்கலத்தையே அரிச்சிடும். அப்புறம் கார்பன் பிரஷ், வெடிச்ச ஒயர், பிளேடு மேல மூடுற கார்டோட ஸ்பிரிங். கார்டு சரியா மூடலைன்னா மெஷினைத் தொடவே மாட்டாங்க.

இப்போ என் தொழில் பக்கம் வர்றேன். இன்கம் டாக்ஸ் கணக்கில் சாதாரண மெஷினுக்குத் தேய்மானம் வருஷம் 15%. 1 லட்ச ரூபாய் மெஷின் 10 வருஷத்தில் புத்தகத்தில் 19,700 ரூபாய்க்கு வந்துடும். ஆயில் மாத்தினாலும் அதே கணக்கு, மாத்தலைன்னாலும் அதே கணக்கு. ஆனா பட்டறையில் ஒன்னு ஓடும், இன்னொன்னு பழைய இரும்புக் கடைக்குப் போகும்.

இதை நான் காசு கொடுத்துத்தான் கத்துக்கிட்டேன். 2014, முதல் வேலை. ஸ்கூட்டர் சர்வீஸை மூணு தடவை தள்ளிப் போட்டேன், மிச்சம் 900 ரூபாய். ஆயில் வத்தி இன்ஜின் ஜாம். மெக்கானிக் 8,400 ஆகும்னார். கையில் அவ்வளவு இல்ல. கடுப்பில் 50,000 ரூபாய் லோன் போட்டுப் புது பைக் எடுத்தேன். மாசம் 2,400 வீதம் 24 EMI, மொத்தம் 57,600. பழைய ஸ்கூட்டரை அந்த மெக்கானிக்கே 6,000 ரூபாய்க்கு வாங்கி, இன்ஜின் வேலை பார்த்து, நாலு வருஷம் என் கண் முன்னாடியே ஓட்டினார்!

நம்ம மாச பட்ஜெட்டில் EMIக்கு வரி இருக்கு, SIPக்கு வரி இருக்கு. பராமரிப்புக்கு மட்டும் வரி இல்ல. அதனாலதான் சர்வீஸ் தேதி வந்தா அது "திடீர் செலவு" ஆகிடுது. தேதி முன்கூட்டியே தெரிஞ்ச செலவு எப்படிங்க திடீர் செலவாகும்?

என் கருத்து இதுதான்: சம்பளத்தில் 2% தனியா ஒதுக்குங்க. 40,000 சம்பளம்னா மாசம் 800. வண்டி சர்வீஸ், ஏசி க்ளீனிங், லேப்டாப் பேட்டரி, வருஷத்துக்கு ஒரு தடவை பல் டாக்டர், எல்லாம் இதுலேருந்து.

அதுக்காக எல்லாப் பழசையும் காப்பாத்தணும்னு சொல்லல. ஸ்பேர் கிடைக்குமா, பாதுகாப்பா ஓடுமா, இந்த ரெண்டையும் கேளுங்க. ரெண்டில் ஒன்னு "இல்ல"ன்னா, போட்ட காசை மறந்துட்டு விட்டுடுங்க. அந்த அமெரிக்க ரம்பமே 120 வோல்ட் மெஷின். ஆசைப்பட்டு வாங்கி நம்ம 230 வோல்ட்டில் நேரா சொருகினா மோட்டார் புகைஞ்சிடும்.

இந்த வார இறுதியில் ஒரே ஒரு வேலை. உங்க வண்டியைக் கடைசியா சர்வீஸ் விட்ட தேதியைப் பாருங்க. ஞாபகம் வரலைன்னா, திங்கக்கிழமையே விட்டுடுங்க.