ஓர் ஊசி போதுமா?

நண்பர்களே, விடுதி வாழ்வில் ஒரு நாய்க்குட்டிக்கேனும் ரொட்டி போடாதவர் நம்முள் மிகச் சிலரே. ரொட்டியோடு நம் கடமை முடிந்துவிடுகிறதா? முடியவில்லை என்று சொல்லவே இதை எழுதுகிறேன். அதைச் சொல்லும் தகுதி எனக்கு என் பிழையால் வந்தது.

சென்ற ஐப்பசி இறுதியில் எங்கள் விடுதிச் சைக்கிள் கொட்டகையில் ஒரு தெருநாய் குட்டிகளை ஈன்றது. அவற்றுள் ஒன்றை நாங்கள் எடுத்து வளர்த்தோம். மணி என்று பெயரிட்டோம். தில்லியில் பிறந்த அந்தக் குட்டி, "மணி, வாடா" என்ற தமிழுக்கு வாலாட்டி ஓடிவரும். என் பழைய கம்பளிச் சட்டை அதற்குப் படுக்கையாயிற்று. ஏழாம் வாரத்தில் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றோம். அவர் பூச்சி மருந்து கொடுத்து, தடுப்பூசி போட்டு, அடுத்த ஊசிக்குரிய தேதியை ஓர் அட்டையில் எழுதித் தந்தார். அத்தேதி விடுமுறையில் விழுந்தது.

"அதுதான் ஒன்று போட்டாயிற்றே, அண்ணா! போதாதா?" என்றான் அறைத் தம்பி. நுண்ணுயிரியல் படிக்கும் நான், "போதும்" என்றேன். மணியைக் காவலாளியிடம் ஒப்படைத்துவிட்டு ஊருக்கு ரயில் ஏறினோம்.

பொங்கல் முடிந்து திரும்பிய நாலாம் நாள் மணி உணவை மறுத்தது. பிறகு வாந்தி, பிறகு இரத்தக் கழிச்சல். 'பார்வோ' வைரஸ் என்றார் மருத்துவர். மூன்றாம் நாள் விடியலில் மணி இறந்தது. தேதி தவறிய அட்டை என் மேசை இழுப்பறையில் கிடந்தது.

ஓர் ஊசி ஏன் போதவில்லை? குட்டிக்குச் சீம்பாலின் வழியே தாயின் எதிர்ப்பொருள்கள் கிடைக்கின்றன. அவை நோயைத் தடுக்கும். அதுபோலவே தடுப்பூசியையும் செயலற்றதாக்கிவிடும். அவை எந்த வாரத்தில் தேயும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். இடையில் ஒரு பொல்லாத காலம் உண்டு: தாய் தந்தது நோயைத் தடுக்கப் போதாது, ஊசியைக் கெடுக்க மட்டும் போதும். ஆகவேதான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் நிறையும்வரை போடச் சொல்கிறார்கள். முதல் ஊசி பலிக்காமலே போயிருக்கலாம் என்பதால்தான் இரண்டாவது ஊசி! இதைத் தேர்வில் எழுதியவன் நான். வாழ்வில் எழுதத் தவறினேன்.

பூனைக்குட்டிகளுக்கும் இதே முறைதான். ஆனால் ஊசி வேறு. பூனைக்கென உள்ளதையே போடவேண்டும். காய்ச்சல் என்றெண்ணிப் பூனைக்குப் பாரசிட்டமால் கொடுப்பவர்கள் உண்டு. அது பூனைக்கு நஞ்சு.

"மனிதர்க்கே மருந்து கிடைக்காத நாட்டில் நாய்க்கா இத்தனை?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் வெறிநோய் நாயோடு நிற்பதில்லை. உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் அதனால் மடிவதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம் நாட்டினர். குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி போடுவது நமக்கும் காவலன்றோ? சிறு குட்டிதானே என்று அதன் பற்குறியை அலட்சியம் செய்யாதீர்கள். காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நம் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். சங்க அறையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைப்போம். எந்த விடுதியில் எந்தக் குட்டி, அடுத்த ஊசி எந்நாள், விடுமுறையில் இங்கேயே தங்குபவர்களில் அதைக் கொண்டு செல்பவர் யார் என்று அதில் எழுதுவோம். செலவை ஆளுக்குச் சிறிது பங்கிட்டால் ஒருவருக்கும் பாரமாகாது.

பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் அழியாமல் இருக்கும். கொட்டகையில் அந்த நாய் மீண்டும் சினையாகத் திரிகிறது. இம்முறை குட்டியைத் தூக்கும் கை, அட்டையையும் சேர்த்து எடுக்கட்டும்.