கம்பியில்லாத தபால்காரர்

தஞ்சாவூரில் என் சித்தி வீட்டுக் கூடத்தில், காப்பி டவராவுக்கு அடியில் ஒரு கறுப்புச் சதுரம் கிடக்கும். மேஜையில் சூடு படாமலிருக்கவாம்! அது என்ன தெரியுமோ? ஒரு காலத்தில் கம்ப்யூட்டர்காரர்கள் சட்டைப் பையில் பெருமையாகச் செருகிக்கொண்டு திரிந்த ஃபிளாப்பிதான். அதன் கொள்ளளவு 1.44 மெகாபைட். இன்றைய செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோவுக்கு அந்த மாதிரி இரண்டு மூன்று வேண்டும். கல்யாண ஆல்பம் என்றால் வண்டி கட்டித்தான் கொண்டுபோக வேண்டும்.

பின்னால் பென் டிரைவ் வந்தது. சௌகரியந்தான், ஆனால் பிரவுசிங் சென்டருக்குப் போய் வரும்போது வைரஸையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறதே!

கம்பியுமில்லாமல், தகடுமில்லாமல் படம் போய்ச் சேரும் என்பதில் சித்திக்கு நம்பிக்கை வந்தது கஜா புயலின்போதுதான். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய அந்தப் புயலை யார் மறக்க முடியும்? சித்தி அப்போது பட்டுக்கோட்டைக்கு அருகில் தோப்பு வீட்டில் இருந்தாள். குழந்தை மாதிரி வளர்த்த தென்னைகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. மின்சாரம் இல்லை; செல்போன் கோபுரங்களும் ஊமையாகிவிட்டன. நிவாரண மனுவுக்கென்று மரம் மரமாகப் போட்டோ எடுத்தாள். நாற்பது படம் தேறியது. மழையில் நனைந்த போனோ இழுத்துக்கொண்டிருந்தது.

அடுத்த வீட்டுப் பெண்ணிடம் பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த லாப்டாப் இருந்தது; நல்லவேளையாக அதில் கொஞ்சம் சார்ஜும் இருந்தது. அவள் புளூடூத் வழியாகப் படங்களை இழுத்துக்கொண்டாள். அரை மணி நேரம் ஆயிற்று. இன்டர்நெட் ஒரு சொட்டுக்கூடத் தேவைப்படவில்லை. “ஏம்மா, ஒரு கயிறுகூட இல்லாமல் எப்படிப் போச்சு?” என்று சித்தி கேட்டாளாம். மறுநாள் போன் கண்ணை மூடியது. பிறகு திறக்கவே இல்லை. படங்கள் மனுவோடு சேர்ந்தன.

புளூடூத் என்பது பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு ராஜாவின் பட்டப்பெயர். சுமார் முப்பதடிக்குள் வேலை செய்யும். நடையோ பாசஞ்சர் ரயில்தான். இப்போதுள்ள குவிக் ஷேர், ஏர்டிராப் எல்லாம் கெட்டிக்காரத்தனமாக வேலையைப் பிரித்துக்கொள்கின்றன. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று புளூடூத் பார்த்துச் சொல்லும். மூட்டையை வைஃபை அலை சுமக்கும். ஏர்டிராப் ஆப்பிள்காரர்களுடையது, 2011-இல் வந்தது. ஆண்ட்ராய்டுக்கு 2020-இல் ‘நியர்பை ஷேர்’ என்று வந்து, 2023-இல் விண்டோஸ் கம்ப்யூட்டருக்கும் நுழைந்து, 2024-இல் குவிக் ஷேர் என்று பெயர் மாற்றிக்கொண்டது. நடுவில் வீட்டுக்கு வீடு இருந்த ஷேர்இட்டை நம் அரசாங்கம் 2020 ஜூனில் தடை செய்துவிட்டது. அதே பெயரில் யாராவது எதையாவது அனுப்பினால் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

சகோதரிகளுக்கு இதில் ஒரு லாபம் உண்டு. பெண்ணின் நிச்சயதார்த்தப் படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற, போனையே முன்பின் தெரியாத கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வரவேண்டியதில்லை.

ஆனால் வாசற்கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கக்கூடாது. ‘யாரிடமிருந்து பெறலாம்’ என்ற இடத்தில் ‘எல்லோரும்’ என்றிருந்தால், கும்பகோணம் பஸ்ஸில் பின் ஸீட்டிலிருக்கும் வம்பன்கூட ஏதாவது படத்தை அனுப்பப் பார்ப்பான். ‘தெரிந்தவர்கள்’ என்று மாற்றிவிடுங்கள். முன்பின் தெரியாத பெயரிலிருந்து வந்தால் மறுத்துவிடுங்கள். இன்னொன்று: போனுக்கு உங்கள் சொந்தப் பெயரே இருந்தால், அக்கம்பக்கத்துப் போன்களில் அது பளிச்சென்று தெரியும். அதையும் மாற்றலாம்.

சித்தி தன் புது போனுக்கு ‘கும்பகோணம் வெற்றிலை’ என்று பெயர் வைத்திருக்கிறாள்.