டயரில் ஒரு எழுத்து!
வேகத்தின் எல்லையைச் சொல்லும் எழுத்து

குமரி மாவட்டம் ரப்பருக்குப் பேர் பெற்றது. குலசேகரம் பக்கத்தில் விடியும் முன்பே மரத்தில் பால் வெட்டத் தொடங்கி விடுவார்கள்.

அந்தப் பால் உறைந்து ஷீட் ஆகிறது. ஆலைக்குப் போய், கந்தகமும் கரியும் சேர்ந்து, டயர் ஆகிறது.

நாட்டிலேயே மிக நீளமான 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலையும், காஷ்மீரில் இருந்து வந்து, இந்த மாவட்டத்தில்தான் முடிகிறது.

நான்கு வழிச்சாலை வந்தபின் கார்களின் வேகம் கூடிவிட்டது. அந்த வேகத்தைத் தாங்குவது டயர்தான்! ஒரு டயர் சாலையைத் தொடும் இடமோ, ஏறக்குறைய உள்ளங்கை அளவுதான்.

என்ன எழுத்து?

டயரின் பக்கவாட்டில் "185/65 ஆர் 15 88 எச்" என்பது போல எழுதி இருக்கும்.

கடைசி எழுத்து "எச்". இது வேகத்தின் குறி. "எஸ்" என்றால் 180 கிலோமீட்டர். "டி" 190. "எச்" 210. "வி" 240.

அதற்கு முன் உள்ள "88", பாரத்தின் குறி. அந்த ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்று பொருள்.

அப்படியானால் 210 கிலோமீட்டர் வேகத்தில் போகலாமா?

கூடவே கூடாது! அது சோதனைக்கூடத்தில், புது டயரைப் பெரிய உருளையின் மீது சுழற்றிக் கண்ட எல்லை. காற்றும் பாரமும் சரியாக இருந்தால்தான் அந்தக் கணக்கு. சாலையில் வேகப் பலகை சொல்வதே சட்டம்.

எமன் யார்?

சூடுதான் டயருக்கு எமன்!

100 கிலோமீட்டர் வேகத்தில், கார் சக்கரம் வினாடிக்கு சுமார் 14 தடவை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் டயர் தரையில் நசுங்கி நிமிர்கிறது. கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் சுடும் அல்லவா? டயரும் அப்படித்தான் சுடுகிறது.

காற்று குறைந்தால் நசுங்கல் கூடும். ஐந்து பேர் காரில் ஏழு பேர் ஏறினாலும் கூடும். அதோடு வேகமும் சேர்ந்தால், டயரின் அடுக்குகள் பிரியும். பிறகு வெடிக்கும்! அப்போது "எச்" எழுத்து காப்பாற்றாது.

திருப்பி அனுப்பினார்கள்

மராட்டியத்தில் சம்ருத்தி விரைவுச்சாலையின் முதல் பகுதி 2022-ல் திறக்கப்பட்டது. விபத்துகள் நடக்கவே, 2023-ல் அதிகாரிகள் டயர்களைச் சோதித்தார்கள். தேய்ந்த டயருடன் வந்த வண்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள்.

நம் ஊரில் அதிகாரி வரும்வரை காத்திருக்க வேண்டாம். நாமே பார்க்கலாம்.

செய்ய வேண்டியது

* புறப்படும் முன், டயர் ஆறி இருக்கும்போதே காற்றைப் பாருங்கள். எவ்வளவு காற்று என்பது ஓட்டுநர் கதவை ஒட்டிய சீட்டில் இருக்கும். ஸ்டெப்னியையும் பாருங்கள்.

* பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் கார் டயரை மாற்ற வேண்டும். பள்ளத்துக்குள் சிறு மேடுகள் உண்டு. டயர் அந்த மேடு மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால், அதன் ஆயுள் முடிந்தது.

* "2223" என்பது போல நான்கு எண் இருக்கும். 2023-ம் ஆண்டின் 22-வது வாரத்தில் செய்தது என்று பொருள். "புதுசு" என்று கடைக்காரர் சொன்னாலும் இதைப் பாருங்கள்.

* மலிவாகக் கிடைக்கிறதே என்று, கார் கம்பெனி சொன்னதைவிடக் குறைந்த எழுத்து உள்ள டயரை வாங்காதீர்கள்.

ஓடும்போது டயர் வெடித்தால், பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஸ்டீரிங்கை இறுகப் பிடித்து, வேகத்தை மெல்லக் குறைத்து, ஓரம் கட்டுங்கள்.

நான்கு டயரையும் சுற்றிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். காரில் இருப்பது உங்கள் குடும்பம்!