உடனிருக்கும் தொண்டு

தென்காசி மாவட்டத்து வீரகேரளம்புதூரில், சிற்றாற்றங்கரை உழவர் ஒருவர் முற்றிய புற்றுநோயோடு மருத்துவமனையினின்றும் வீடு திரும்பினார் எனக் கொள்வோம். "இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை" என்னும் சொல் அவருக்கு முன்னரே ஊரை வந்தடைந்துவிடும். அச்சொல் பிழையுடையது. நோயை நீக்கும் வழி இல்லாது போகலாம். நோவைத் தணிக்கும் வழிகள் அப்பொழுதும் உள.

இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்தியவருள் தலையாயவர் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் ஆவார். செவிலியாகப் பணிபுரிந்து பின்னர் மருத்துவமும் பயின்ற அவர், 1967ஆம் ஆண்டில் இலண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். 'ஹாஸ்பிஸ்' எனப்படும் இத்தகைய இல்லங்களில் சாவை விரைவுபடுத்துவதும் இல்லை. பயனற்ற சிகிச்சையால் உடலை வருத்துவதும் இல்லை. உடல்வலி, மனத்துயர், குடும்பக்கவலை ஆகிய மூன்றையும் ஒருங்கே நோக்கி ஆறுதல் அளிப்பர். கடுவலிக்கு மருத்துவர் அளவறிந்து மார்ஃபின் அளிப்பார். இந்தியாவில் இவ்வகை இல்லம் முதன்முதலாக 1986ஆம் ஆண்டில் மும்பையில் தோன்றியது. சாந்தி அவேதனா சதன் என்பது அதன் பெயர்.

ஆயினும், ஊர்தோறும் இல்லம் எழுப்புதல் எளிதன்று. நோயாளிகளுள் பலர் தம் வீட்டிலேயே இருக்க விழைகின்றனர். இதற்கு மேற்கு மலைக்கு அப்பாலுள்ள கேரளம் வழிகாட்டிற்று. கோழிக்கோட்டில் 1993ஆம் ஆண்டில் மருத்துவர் சிலரும் தொண்டரும் கூடி ஒரு சங்கம் கண்டனர். நாளடைவில் அங்கு, வாரத்தில் இரண்டு மணி நேரமேனும் ஒதுக்கக்கூடிய அண்டை அயலார்க்குப் பயிற்சி தந்து, நோயாளிகளின் இல்லம் நாடிச் செல்லும் முறை பரவிற்று. 2008ஆம் ஆண்டில் கேரள அரசு இதனைத் தன் கொள்கையாகவே ஏற்றது. தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் இவ்வாதரவுச் சிகிச்சை இடம்பெற்றுள்ளது.

செவிலி வந்து செல்வது சிறிது பொழுதே. எஞ்சிய பொழுதில் வேண்டப்படுபவர் தொண்டர். படுக்கைப்புண் உண்டாகாதவாறு நோயாளியைப் புரட்டிக் கிடத்தவும், உடல் துடைக்கவும் அவர் கைகொடுப்பார். நாளிதழ் படித்துக் காட்டுவார். வலி மிகுந்தால் செவிலிக்கு அறிவிப்பார். தாமாக மருந்து கொடார். பொய்யான நம்பிக்கை ஊட்டார். அவ்வீட்டில் கேட்டதை வெளியில் உரையார்.

"பெற்ற மக்கள் இருக்கப் பிறர் எதற்கு?" எனச் சிலர் வினவுவர். மக்கள் பிழைப்பு நாடி வெளியூர் சென்றிருக்கலாம். உடனிருக்கும் மனைவியோ பல இரவுகள் கண்ணயராது சோர்ந்திருப்பார். ஒரு தொண்டர் அருகில் அமர்ந்தால், அவர் ஒரு மணி நேரம் உறங்குவார். அவ்வுறக்கமும் நோயாளிக்குச் செய்த உதவியே. மருத்துவத்தின் நான்கு உறுப்புகளுள் ஒருவராக, அருகிருந்து உதவுபவரையும் திருவள்ளுவர் வைத்தமை இங்கு நினைக்கத்தக்கது.

ஆனித் திங்களில் குற்றால மலையிற் சாரல் தொடங்கும். அதனைத் திண்ணையிலிருந்து காண அவ்வுழவர் விரும்பக்கூடும். கட்டிலைத் தூக்க நால்வர் போதும். அந்நால்வர் இல்லாமையால் ஒருவரது இறுதி விருப்பம் நிறைவேறாது போகுமாயின், அது நோயின் குற்றமன்று, ஊரின் குற்றமே.